ஸ்ட்ராப் இல்லாத பலகையில் குதிக்கக் கற்பது: கைட் சர்ஃபிங் முழு வழிகாட்டி

பெரிய காற்றாடி (கைட்) இழுக்க, பலகையில் நின்று நீரில் சறுக்குவது கைட் சர்ஃபிங். அதில் ஸ்ட்ராப் (காலை மாட்டும் பட்டை) இல்லாத பலகைக்கு மாறும் எவருக்கும் முதலில் எழும் கேள்வி ஒன்றுதான். காலை எதிலும் மாட்டாமல் அந்தரத்தில் போனால் பலகை எப்படிக் கூடவே வரும்? மெழுகு, ரப்பர் விரிப்பு, விரல்களால் கவ்விப் பிடிப்பது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். அதெல்லாம் கொஞ்சம் உதவும். ஆனால் பலகையைப் பாதத்தோடு சேர்த்துப் பிடித்திருப்பது காற்று. பலகையின் அடிப்பக்கம் காற்றைப் பார்த்திருக்கும்வரை அது உங்களோடு இருக்கும். மேல்தளம் காற்றைப் பார்த்த நொடியில் பறந்துவிடும். கீழே வரும் படிகள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தைச் செய்துகாட்டத்தான்.

ட்வின் டிப் (இரண்டு முனையும் ஒரே மாதிரி, கால் மாட்டும் பட்டையோடு வரும்) பலகையில் நன்றாகக் குதிப்பவர்கள்கூட இங்கே வந்து திணறுவதற்கும் காரணம் இதுதான். அதில் உயரம்தான் குறி. குதிகாலை ஊன்றி, கைட்டைப் பின்னால் அனுப்பி, மேலே போனால் போதும், காலில் மாட்டியிருக்கும் பலகை வந்தே ஆகவேண்டும். இங்கே முதலில் பலகையின் கோணம் சரியாக வரவேண்டும். உயரத்தைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம்.

எங்கே, எப்போது பழகலாம்

நான் மனதில் வைத்து எழுதுவது கற்பிட்டியை. கொழும்பிலிருந்து வடக்கே 160 கிலோமீட்டருக்கு மேல், புத்தளம் மாவட்டத்தில் கடலுக்கும் களப்புக்கும் (உப்பங்கழிக்கும்) நடுவே நீண்டு கிடக்கும் நிலம். மே மாதத்திலிருந்து அக்டோபர் வரை தென்மேற்கிலிருந்து வரும் கச்சான் காற்று நாள்கணக்கில் விடாமல் அடிக்கும். டிசம்பர் நடுவிலிருந்து மார்ச் வரை வாடை. அது கொஞ்சம் மென்மையானது, கைட்டும் ஒரு அளவு பெரிதாக வேண்டியிருக்கும். கற்பிட்டியின் பெரிய வசதி, ஒரு மணல் திட்டின் இந்தப் பக்கம் தட்டையான நீரும் அந்தப் பக்கம் அலையும் இருப்பது. காலையில் களப்பில் பழகியதை மாலையில் அலையில் முயன்று பார்க்கலாம்.

தமிழ்நாட்டில் ராமேஸ்வரம் தீவு இதற்கு ஏற்ற இடம். ஒரு பக்கம் பாக் விரிகுடா, மறுபக்கம் மன்னார் வளைகுடா. காற்றின் திசை மாறும்போது கரையை மாற்றிக்கொள்ளலாம். மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்காவின் தீவுகளில் அனுமதியில்லாமல் கால் வைக்கக்கூடாது. அவை இருக்கும் திசைக்கு அடித்துச் செல்லப்படாதபடி இடத்தைத் தேர்ந்தெடுங்கள்.

எந்த ஊராக இருந்தாலும் முதல் நாட்களுக்கு வேண்டியது 16 முதல் 22 நாட் (மணிக்குச் சுமார் 30 முதல் 41 கிலோமீட்டர்) வரையிலான சீரான காற்று, இடுப்பளவுக்குக் குறையாத ஆழம் (மார்பளவு இருந்தால் நல்லது), காற்று போகும் பக்கத்தில் தடையில்லாத திறந்த நீர். கைட் கயிற்றைப் போல இரண்டு மடங்கு தூரம், அதாவது சுமார் 50 மீட்டருக்குள் வலை கட்டிய கம்போ, படகோ, இன்னொரு கைட்டோ இருக்கக்கூடாது. களப்பில் மீனவர்களின் வலைகள் எங்கே கிடக்கின்றன என்று இறங்குவதற்கு முன்பே உள்ளூர்க்காரரிடம் கேட்டுவிடுங்கள். அது அவர்களுடைய தொழில் நடக்கும் இடம். வலைக்கு மேலே பாய்ந்து பழகுவதற்கு எந்த நியாயமும் கிடையாது.

இதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும்

ஸ்ட்ராப் இல்லாத பலகையில் இரண்டு திசையிலும் காற்றை எதிர்த்து ஏறி, புறப்பட்ட இடத்துக்கே திரும்பி வரத் தெரிய வேண்டும். திரும்பும்போது கால் மாற்றத் தெரிய வேண்டும். முதுகைக் காற்றுக்குக் காட்டி நிற்கும் வழக்கமான நிலை மட்டும் போதாது. மார்பு காற்றைப் பார்க்க, கால்விரல் பக்க விளிம்பில் ஓட்டவும் கொஞ்சமாவது வரவேண்டும். கைட்டைப் பார்க்காமலே அது எங்கே நிற்கிறது என்று கை சொல்ல வேண்டும். ட்வின் டிப்பில் குதித்த அனுபவம் இருந்தால் கைட்டை அனுப்பும் நேரம் பிடிபட்டிருக்கும், அது பெரிய உதவி. இல்லாதவர்கள் முதலில் அதில் சில நாட்கள் செலவிடலாம்.

இன்னொன்றும் கட்டாயம் தெரிய வேண்டும்: பலகை இல்லாமல், உடலையே துடுப்பாக வைத்து, கைட் இழுக்கக் காற்றை எதிர்த்து நீந்திச் சென்று பலகையை எடுப்பது. இந்தப் பயிற்சியில் உங்கள் நேரத்தில் பாதி அதில்தான் போகும். அது சரியாக வராதவர்கள் ஒரு மணி நேரத்தில் கை ஓய்ந்து கரையேறிவிடுவார்கள்.

காற்று பலகையை எப்படிப் பிடிக்கிறது

ஒரு சின்னக் கணக்கு. குதிப்பதற்கான பலகை பெரும்பாலும் 3 கிலோவுக்கு உள்ளேதான் இருக்கும். அதன் அடிப்பரப்பு சுமார் 0.6 சதுர மீட்டர். 20 நாட் காற்று, அதாவது மணிக்கு 37 கிலோமீட்டர், அந்தப் பரப்பில் நேராக மோதினால் ஏறத்தாழ 4 கிலோ எடைக்குச் சமமான விசை கிடைக்கும். பலகையைத் தாங்க அது தாராளம். அதுவே 12 நாட் காற்றில் ஒன்றரை கிலோ அளவுக்குத்தான் கிடைக்கும், ஏனென்றால் விசை காற்று வேகத்தின் இருமடிக்கு ஏற்ப மாறுகிறது. மெல்லிய காற்றில் பலகை காலை விட்டு நழுவுவதை உங்கள் திறமைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் காற்றில் பிடித்திருக்கப் போதுமான விசையே இல்லை.

இதிலிருந்து இன்னொரு விஷயமும் புரியும். ஒரு சாண் உயரம் எழும்பி விழும்போது நீங்களும் பலகையும் கிட்டத்தட்ட ஒரே வேகத்தில் விழுகிறீர்கள், பிரிய நேரமில்லை. கைட் உங்களைத் தூக்கி மிதக்க விடும்போது நீங்கள் மெதுவாக இறங்குகிறீர்கள். பலகையை எந்தக் கைட்டும் தூக்கவில்லை, அது விழப் பார்க்கிறது. மிதக்கும் அந்த இரண்டு மூன்று நொடி முழுக்கக் காற்றுதான் அதைச் சுமக்க வேண்டும். அதனால் சின்னக் குதிப்பில் மறைந்துபோகும் கோணப் பிழை, பெரிய குதிப்பில் அப்படியே வெளிப்படும்.

சாதாரணமாக ஓட்டும்போது பலகையின் நிலை என்ன என்பதையும் கவனியுங்கள். நீங்கள் குதிகால் விளிம்பை அழுத்திச் சாய்ந்திருக்கிறீர்கள். மேல்தளம் காற்று வரும் பக்கமாகச் சாய்ந்திருக்கிறது. இதே சாய்வோடு அந்தரத்தில் போனால் காற்று மேல்தளத்தில் பட்டுப் பலகையைப் பிய்த்து எடுத்துவிடும். நீரை விட்டு எழும் அந்தக் கணத்தில் பலகையின் மூக்கு காற்றை நோக்கித் திரும்ப வேண்டும், மூக்கு வாலைவிட உயர வேண்டும், எடை குதிகாலிலிருந்து கால்விரல் பக்கம் வரவேண்டும். மூன்றும் நடந்தால் அடிப்பக்கம் காற்றைப் பார்க்கும்.

கரையிலேயே கையில் பிடித்து உணர வேண்டியது இது. காற்றுக்கு முகம் காட்டி நின்று, பலகையின் மேல்தளம் உங்கள் மார்பைப் பார்க்கும்படி இரண்டு விளிம்பிலும் லேசாகப் பிடியுங்கள். காற்று அடிப்பக்கத்தை அழுத்த, பலகை மார்போடு ஒட்டிக்கொள்ளும், விரல்களைத் தளர்த்தினாலும் உடனே விழாது. இப்போது ஒரு விளிம்பை நான்கு விரற்கடை அளவு முன்னால் திருப்புங்கள். அழுத்தம் ஒரு பக்கமாக ஓடும், உள்ளங்கையில் நடுக்கம் தெரியும். இன்னும் கொஞ்சம் திருப்பினால் பலகை வெடுக்கென்று கையை விட்டுப் பிடுங்கிக்கொண்டு போகும். அந்த நடுக்கத்துக்கும் பிடுங்கலுக்கும் இடையே இருக்கும் அளவு எவ்வளவு சிறியது என்று பாருங்கள். அந்தரத்தில் உங்கள் பாதம் உணர வேண்டியதும் அதே நடுக்கத்தைத்தான்.

பலகை, கைட், மற்றவை

65 முதல் 80 கிலோ எடையுள்ளவருக்கு 5 அடி முதல் 5 அடி 5 அங்குலம் வரையிலான பலகை சரியாக இருக்கும். மூக்கு மழுங்கியதாக, அடிப்பக்கம் அதிகம் வளையாமல் தட்டையாக இருப்பதைத் தேடுங்கள். தட்டைப் பலகை வேகம் பிடிக்கும், இறங்கும்போதும் நிலையாக நிற்கும். பெரிய அலைக்கென்று செய்த கூர்மூக்குப் பலகையில் பழகுவது வீண் சிரமம். குதிப்பவர்களின் குதிகால் திரும்பத் திரும்ப ஒரே இடத்தில் இடிக்கும் என்பதால், சாதாரண சர்ஃப் பலகை சீக்கிரம் குழிந்துவிடும். கைட்டுக்கென்று மேல்தளத்தைக் கார்பனோ மூங்கிலோ வைத்து வலுவாக்கியதை வாங்குங்கள். ஃபின்கள் (பலகையின் அடியில் வால் பக்கம் நிற்கும் சிறு தகடுகள்) சிறியவையாக இருந்தால் நீரைச் சுலபமாக விடும்.

மெழுகா, விரிப்பா? நம் வெயிலில் விரிப்பு என்றே சொல்வேன். வெப்பக் கடலுக்கான கெட்டி மெழுகுகூட மணலில் பத்து நிமிடம் கிடந்தால் இளகிவிடும். முன்கால், பின்கால் இரண்டுக்கும் ரப்பர் விரிப்பு ஒட்டுங்கள். பின்னால் ஒட்டும் விரிப்பின் கடைசியில் மேடு இருக்க வேண்டும், பின்கால் அதில் முட்டி நிற்கும்.

கைட் வேகமாகத் திரும்புவதாக, கட்டுப்பாட்டை உடனே கேட்பதாக இருந்தால் போதும். பெரிய குதிப்புக்கென்று செய்த கைட் உங்களைத் தேவைக்கு மேல் தூக்கி, பலகையிடமிருந்து பிரித்துவிடும். கச்சான் காலத்தில் 75 கிலோ ஆளுக்கு 8 அல்லது 9 சதுர மீட்டர் பெரும்பாலான நாட்களுக்குச் சரிவரும். கைட்டின் இழுப்பு அளவுக்கு மீறி இருக்கும் நாளில் இதைப் பழக வேண்டாம்.

தலைக்கவசமும் மார்பைக் காக்கும் மிதவை உடுப்பும் போடுங்கள். பலகையைக் காலோடு கட்டும் கயிறு மட்டும் வேண்டவே வேண்டாம். கட்டிய பலகை இழுபட்டுத் திரும்பித் தலையையோ முதுகையோ ஃபினால் வெட்டும். இதில் எனக்கு எந்தச் சமரசமும் இல்லை. கைட்டின் அவசர விடுவிப்பை ஒவ்வொரு முறை இறங்கும் முன்பும் ஒருமுறை இழுத்துச் சோதியுங்கள்.

கால் வைக்கும் இடம்

பின்கால் ஃபின்களுக்கு மேலே, விரிப்பின் மேட்டை ஒட்டி, குறுக்காக நிற்கட்டும். முன்கால் பலகையின் நடுவுக்குச் சற்றே பின்னால், விரல்கள் கொஞ்சம் மூக்குப் பக்கம் திரும்பியபடி. இரண்டு பாதத்தின் நடுவும் பலகையின் நடுக்கோட்டில் விழ வேண்டும். ஓட்டும்போது பலர் குதிகாலை விளிம்பு வரை தள்ளி வைத்திருப்பார்கள். அப்படியே எழும்பினால் பலகை கவிழும். குதிப்பதற்கு மூன்று நான்கு நொடி முன்பே பாதத்தைக் கொஞ்சம் உள்ளே நகர்த்திவிடுங்கள்.

மணலில் பலகையின் வடிவத்தை விரலால் வரைந்து, அதன் மேல் நின்று, இந்த அசைவைப் பழகலாம்: முட்டியை மடக்கு, பின்காலை அழுத்து, முன்முட்டியை மார்புக்கு இழு, பின்காலையும் இழு. கால் நீட்டிக் குதிப்பது போல இருந்தால் தவறு. கால்கள் உடலுக்குள் மடங்க வேண்டும்.

முதல் குதிப்பு: கைட்டை அசைக்காமல்

கைட் நிற்கும் இடத்தைக் கடிகாரமாகச் சொல்வது வழக்கம். காற்று போகும் பக்கம் பார்த்து நின்றால் தலைக்கு நேர்மேல் 12 மணி, வலப்பக்கம் நீர்மட்டத்தில் 3 மணி, இடப்பக்கம் 9 மணி. இனி எல்லாம் வலப்பக்கம் போவதாக வைத்தே சொல்கிறேன். வலக்கால் முன்கால், இடக்கை பின்கை. இடப்பக்கம் போகும்போது எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ளுங்கள்.

கைட்டை 1 மணிக்குக் கொண்டுவந்து அங்கேயே நிறுத்துங்கள். வழக்கமாக ஓட்டும் இடத்தைவிட இது கொஞ்சம் மேலே. நடுத்தர வேகத்தில் போங்கள். காற்று போகும் பக்கமாக மிகச் சிறிதே மூக்கைத் திருப்பி வேகம் எடுங்கள், உடனே பின்கால் குதிகாலால் காற்றை நோக்கி வளையுங்கள். கயிறு இறுகுவது தெரியும். எதிரே சின்ன அலைமேடு வரும் நேரம் பாருங்கள். மூக்கு அதன் மேல் ஏறும்போது பின்காலால் வாலை ஓங்கி மிதித்து, முன்முட்டியை மேலே இழுங்கள், பாரை (கைட்டை இயக்கக் கையில் பிடித்திருக்கும் கம்பியை) கொஞ்சம் உள்ளே இழுங்கள். அடுத்த கணம் பின்காலும் மடங்கட்டும்.

ஒரு சாண் எழும்பினால் போதும். உண்மையில் முதல் நாள் அதற்கு மேல் எழும்பவே கூடாது என்று வைத்துக்கொள்வது நல்லது. இந்தக் குதிப்பில் கற்பது, பலகையின் மூக்கைக் காற்றை நோக்கி வளைத்தபடியே எழும்பும் பழக்கம். அது இல்லாமல் நேராகப் போய் எழும்புகிறவர்கள், அடுத்த கட்டத்தில் கைட் தூக்கியதும் பலகையைக் கீழே விட்டுவிட்டுத் தாங்கள் மட்டும் போகிறார்கள்.

இறங்கும்போது மூக்கை மறுபடி காற்று போகும் பக்கமாகத் திருப்புங்கள். வளைந்து ஏறு, எழும்பு, விலகி இறங்கு. இந்தத் தாளம் பத்தில் ஏழு முறையாவது தானாக வரும்வரை அடுத்த கட்டத்துக்குப் போக வேண்டாம். இரண்டு திசையிலும் பழகுங்கள். வராத பக்கத்தைத் தள்ளிப்போட்டால் அது எப்போதும் வராத பக்கமாகவே இருந்துவிடும்.

இரண்டாவது குதிப்பு: கைட் தூக்கும்போது

இதைத்தான் எல்லோரும் கற்க ஆசைப்படுகிறார்கள், அவசரப்பட்டுக் கெடுப்பதும் இதைத்தான். நடப்பது மொத்தம் நான்கைந்து நொடிதான். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

அணுகுவது. கைட் 1 அல்லது ஒன்றரை மணியில். நல்ல வேகம் வேண்டும், ஆனால் விளிம்பு நீரைப் பிடித்திருக்க வேண்டும். வேகம் இரண்டு வகையில் உதவுகிறது. கயிற்றில் இழுப்பைச் சேர்க்கிறது. கூடவே, நீங்கள் முன்னேறும் வேகமும் பலகையில் படும் காற்றோடு சேர்ந்துகொள்கிறது, பலகை காலில் இன்னும் அழுத்தமாக ஒட்டும். கண் நீங்கள் போகும் திசையில் இருக்கட்டும்.

கைட்டை அனுப்புவது. இடக்கையை மெதுவாக இழுத்துக் கைட்டை 12 மணிக்கு நகர்த்துங்கள். ட்வின் டிப்பில் 11 மணி, பத்தரை மணி வரை வீசி அனுப்பிப் பழகியவர்கள் அதை இங்கே மறக்க வேண்டும். பலகைக்கு வேண்டியது நிதானமாக வளரும் தூக்கு. கைட் நகரத் தொடங்கியதுமே நீங்களும் காற்றை நோக்கி வளையத் தொடங்குங்கள். முதலில் வளைந்துவிட்டுப் பிறகு கைட்டை அனுப்பினால் வேகம் செத்துவிடும். கைட்டை அனுப்பிவிட்டுத் தாமதமாக வளைந்தால் அது உங்களைத் தட்டையான பலகையோடு பிடுங்கிவிடும். இரண்டும் ஒன்றாக நடக்கும்போது கயிற்றின் இழுப்பு பக்கவாட்டிலிருந்து மேல்நோக்கி மாறுவது கைட்டை உடலோடு இணைக்கும் இடுப்புக் கொக்கியில் தெளிவாகத் தெரியும்.

எழும்புவது. அந்த மேல்நோக்கிய இழுப்பு வந்ததும் பாரை உள்ளே இழுத்து, பின்காலால் வாலை மிதித்து, முன்முட்டியை உயர்த்துங்கள். முதல் குதிப்பில் செய்ததுதான், கொஞ்சம் மென்மையாக. இங்கே பலமாக எகிறினால் நீங்கள் மேலே போய்விடுவீர்கள், பலகை கீழேயே நிற்கும். கைட் தூக்கும்போது கால்களை மடக்கி, பலகை உங்களை நோக்கி வர இடம் கொடுங்கள்.

அந்தரத்தில். மூக்கு காற்றை நோக்கி, முன்முட்டி மேலே, எடை விரல் பக்கம். முட்டிகள் மார்புக்கு அருகே. உடலை நீட்டிச் சாய்வது ட்வின் டிப் பழக்கம், அப்படிச் சாய்ந்தால் குதிகால் தாழ்ந்து மேல்தளம் காற்றுக்குத் தெரிந்துவிடும். கரையில் உள்ளங்கையில் உணர்ந்த அந்த நடுக்கம் இப்போது பாதத்தின் அடியில் வரும். விரல் பக்கம் பலகை விலகுவது போலிருந்தால் விரலை இன்னும் தாழ்த்துங்கள், முன்கால் பக்கம் விலகினால் மூக்கை இன்னும் காற்றுக்குத் திருப்புங்கள். குனிந்து பலகையைப் பார்க்கத் தோன்றும். பார்த்தால் தோள் குனியும், பார் விலகும், கைட் தூக்குவதை நிறுத்தும். பாதத்தையே நம்புங்கள். பார் உள்ளேயே இருக்கட்டும்.

பின்கையால் விரல் பக்க விளிம்பை, இரண்டு பாதத்துக்கும் நடுவே, பிடித்துக்கொள்ளலாமா என்று கேட்பார்கள். பிடிக்கலாம், அழகாகவும் இருக்கும், பலகையும் போகாது. ஆனால் பிடிக்காமல் குதிக்க வந்த பிறகு சேர்த்துக்கொள்ளுங்கள். கையை ஊன்றுகோலாக வைத்துப் பழகினால் பாதம் எதையும் கற்காது. ஒற்றைக் கையில் பார் ஒரு பக்கமாக இழுபட்டுக் கைட் திரும்பிவிடும் அபாயமும் உண்டு.

இறங்குவது. உச்சியைத் தாண்டி விழத் தொடங்கும்போது வலக்கையை இழுத்துக் கைட்டை மறுபடி 1 மணிப் பக்கம் கொண்டுவாருங்கள். இது உங்களை முன்னோக்கி இழுத்துச் செல்லும். முன்வேகம் இல்லாமல் கல் மாதிரி நேராக விழுவதுதான் முட்டிக்கும் கணுக்காலுக்கும் ஆபத்து. நீரைத் தொடும் முன் மூக்கைக் காற்று போகும் பக்கமாகத் திருப்புங்கள். வால் முதலில் தொட வேண்டும், அடுத்த கணமே நடுப்பகுதி. முட்டிகள் நன்றாக மடங்கி அதிர்வை வாங்கிக்கொள்ளட்டும். பலகை நீரைப் பிடித்ததும் பாரைக் கொஞ்சம் வெளியே விட்டு, சமநிலைக்கு வந்து, மெதுவாகக் குதிகால் விளிம்புக்குத் திரும்புங்கள். மூக்கு காற்றைப் பார்த்தபடியே இறங்கினால் பலகை சட்டென நின்றுவிடும், நீங்கள் அதற்கு மேலே பறந்து விழுவீர்கள்.

பலகை காலை விட்டால்

இது நடந்தே தீரும், அதனால் என்ன செய்வது என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். பலகை நழுவுகிறது என்று தெரிந்ததும் அதைக் காப்பாற்ற முயலாமல் காலால் தள்ளிவிடுங்கள். பாதி ஒட்டியும் ஒட்டாமலும் இருக்கும் பலகையின் மேல் இறங்குவதில்தான் கணுக்கால் பிசகுகிறது, ஃபின் தொடையைக் கிழிக்கிறது. தள்ளிய பிறகு முட்டிகளை மடக்கி, பார் உள்ளே இருக்க, கைட் 12 மணிக்கு அருகே நிற்க, பின்புறமாக நீரில் உட்காருவது போல விழுங்கள். விழுந்ததும் ஒரு கையால் தலையை மறையுங்கள். பலகை எங்கே இருக்கிறது என்று பார்த்த பிறகே கையை எடுங்கள்.

பிழை எங்கே என்று கண்டுபிடிக்க

பலகை போன திசையே பிழையைச் சொல்லிவிடும். எழும்பிய உடனே கீழேயே நின்றுவிட்டதா? வளையாமல் எழும்பினீர்கள், அல்லது கால் நீட்டி எகிறினீர்கள். எழும்பி வந்து, உச்சியில் காற்று போகும் பக்கம் சுழன்று பறந்ததா? குதிகால் தாழ்ந்து மேல்தளம் தெரிந்திருக்கிறது. மூக்கு கீழே குத்திப் போனதா? முன்முட்டி உயரவில்லை, அல்லது முன்கால் மூக்குக்கு மிக அருகே இருந்தது. எல்லாம் சரியாக வந்து, இறங்கிய பிறகு காலடியில் நழுவியதா? முன்வேகம் இல்லை, கைட்டைத் திருப்ப மறந்தீர்கள். வேறு எந்தக் காரணமும் தெரியாவிட்டால் அன்றைய காற்றைப் பாருங்கள். அது 15 நாட் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தால் அன்று வளைவதையும் சின்னக் குதிப்பையும் பழகிவிட்டுக் கரையேறலாம்.

நண்பர் ஒருவரைக் காற்று வரும் பக்கத்தில் நிறுத்தி அலைபேசியில் படம் எடுக்கச் சொல்வது எந்த அறிவுரையையும்விடப் பயன் தரும். அந்தக் கோணத்திலிருந்து எடுத்தால் அந்தரத்தில் பலகையின் அடிப்பக்கம் கேமராவுக்குத் தெரிய வேண்டும். தெரிந்தால் சரி. மேல்தளமும் பாதமும் தெரிந்தால் கோணம் தவறு.

இதே கண்ணோடு பெரிய ஆட்டக்காரர்களையும் பாருங்கள். கேப் வெர்டேயின் சால் தீவிலிருந்து வந்த மித்து மொன்டெய்ரோ 2008இல் அலைப் பிரிவில் உலக சாம்பியன் ஆனவர். ஸ்ட்ராப் இல்லாமல் என்னென்ன செய்ய முடியும் என்று உலகுக்குக் காட்டியவர்களில் முன்னோடி. அதே தீவோடு வேர் உள்ள ஐர்டன் கொஸ்ஸோலினோ பலமுறை உலக சாம்பியன். அவர்களின் காணொளியில் கைட்டையும் சுழற்சியையும் விட்டுவிட்டு, எழும்பும் கணத்தில் பலகையின் மூக்கு எங்கே திரும்புகிறது என்பதை மட்டும் மெதுவாக ஓட்டிப் பாருங்கள். எவ்வளவு உயரப் போனாலும் முதல் அசைவு நீங்கள் களப்பில் பழகுவதேதான்.

அடுத்து என்ன

அரை மீட்டர், ஒரு மீட்டர் குதிப்பு இரண்டு திசையிலும் வந்த பிறகு, உயரம் கூட்டுவதற்கு முன் விரல் விளிம்பில் ஓட்டியபடி குதித்துப் பாருங்கள். சிலருக்கு அது எதிர்பார்த்ததைவிடச் சுலபமாக வரும். கைட்டை அனுப்பும் கை பழக மட்டும் நேரம் பிடிக்கும். அப்புறம் மணல் திட்டின் மறுபக்கம் போய், உடையாத சின்ன அலையின் முகத்தை மேடாக வைத்துக் குதிக்கலாம். அங்கே அலையே பலகையைத் தூக்கிக் கொடுக்கும். ஆனால் அலை உடையும் இடத்தில் இறங்காதபடி கணக்குப் பார்க்க வேண்டும்.

முதுகுப் பக்கமாக ஒரு முழுச் சுற்றுச் சுற்றும் பேக் ரோல் அதற்குப் பிறகு. காற்றை நோக்கி வளைந்த அதே அசைவை நிறுத்தாமல் தொடர்ந்தால் சுற்று தானாகத் தொடங்கும், சுழலும்போது பலகையும் காலோடு அழுந்தும். அந்தரத்தில் பலகையை மட்டும் காலடியில் சுழற்றிப் பிடிக்கும் வித்தைகளுக்கு அவசரம் வேண்டாம். அவற்றுக்குப் பாதம் பலகையின் எடையை இருட்டிலும் அறிந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு நாளும் கரையேறியதும் பலகையை நன்னீரில் கழுவி, குதிகால் படும் இடத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். மெத்தென்று அமுங்கினால் உள்ளே நுரை நொறுங்கத் தொடங்கியிருக்கிறது. மயிரிழை விரிசல் தெரிந்தால் அந்தப் பலகையை அன்றே நிழலில் காயவைத்து, எபாக்ஸி பூசி அடைத்துவிடுங்கள். விரிசலோடு மறுநாள் இறக்கினால் நீர் உறிஞ்சி எடை கூடும். எடை கூடிய பலகையை 18 நாட் காற்றால் உங்கள் காலோடு பிடித்து வைக்க முடியாது.